பிரெஷ்

பூரணை நண்டுக்குச் சதை இல்லை.
அதனால் கொம்பனி ஒரு நாள் பூட்டு.
அந்த ஒரு நாளில் யாழ்ப்பாணம் போய்
கஸ்தூரியார் வீதிக் கடையொன்றின் ஏசிக்குள்
மணிக்கட்டை நீட்டிக்கொண்டு நின்றேன்,
ஊசி போட வந்தவள் மாதிரி.

பெடியனின் சட்டையில் சாருஜன் என்று பெயர்.
"புதுசா வந்தது அக்கா. பூ வாசம்தான்,
ஆனா தலையிடிக்காது. நல்ல பிரெஷ்."

நான் சிரித்தது விலையைப் பார்த்து என்று
நினைத்திருப்பான்.
ஏழாயிரத்து இருநூறு.

பிரெஷ் என்ற சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஒரு நாளைக்கு நானூறு தட்டு நண்டுச்சதை.
ஒவ்வொன்றின் மேலும் குனிந்து
ஒரு மூச்சு, பிறகு அரை மூச்சு.
சரி. சரி. சரி. தள்ளு.
பிரெஷ் நண்டுக்கு மணமே இல்லை, தம்பி.
மணம் என்று ஒன்று வந்துவிட்டால்
உள்ளே எதுவோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதை அவனுக்குச் சொல்லவில்லை.

பெட்டியைத் திருப்பிப் பூக்களை வாசித்தான்:
பியோனி, ஃப்ரீசியா, இன்னும் ஏதோ வெள்ளைப் பூ.
அவனும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை.
இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டினோம்.
மூக்கு ஆற ஒரு கிண்ணத்தில்
கோப்பிக்கொட்டை தந்தான்.
வேண்டாம் என்று
என் முழங்கை மடிப்பை முகர்ந்தேன்.
தொழில்காரர் அப்படித்தான்.
அப்போதுதான் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

யோசிச்சு வாறன் என்றேன்.

ஊர்காவற்றுறை பஸ், யன்னல் சீற்.
பெரியாஸ்பத்திரியடியில் அது தோடம்பழத் தோல்.
பண்ணையில் கடல் உள்ளே ஏறியது:
சேறு, பாசி, காயாத வலை, வெடுக்கு.
எல்லாரும் எனக்குத் தெரிந்த ஆட்கள்.
கையை முகத்தோடு ஒட்டிப் பிடித்தேன்.
மண்டைதீவுச் சந்தியில் தோடை இறங்கிவிட்டது.
அந்த இடத்தில்
வெள்ளரிக்காயை இப்போதுதான் வெட்டியது போல ஒன்று,
அதற்குப் பின்னால் கொஞ்சம் சவர்க்காரம்.
அல்லைப்பிட்டி தாண்ட
பெயர் வைக்க முடியாத இன்னொன்று,
சூடாக, தோலுக்குக் கீழே இருந்து வருவது போல.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்: சரி.
பொருந்தவில்லை.
தள்ளு. அதுவும் இல்லை.
பதினொரு வருஷத்தில் முதல் தரம்
ஒரு மணம் என்னிடம் தீர்ப்புக் கேட்காமல்
பக்கத்தில் சும்மா இருந்து வந்தது.

முன் சீற்றில் தாயின் தோளுக்கு மேலால் ஒரு குழந்தை
மூக்கைச் சுருக்கி என்னையே பார்த்தது.
வேலணையில் இறங்கும் வரை பார்த்தது.

விடிய
குளோரின் தண்ணி, தேசிக்காய், திரும்பவும் குளோரின்.
ஆனாலும் பௌலீன் மிஸ் வாசலில் கையைப் பிடித்து
முகர்ந்துபோட்டா.
"சென்ற் போட்டனியோ?"
"சும்மா பாத்தனான், மிஸ்."
ஐஸ் உடைக்கிற பக்கம் அனுப்பினா.
சட்டம் அது. நானே மற்றவர்களுக்குப்
படித்துக் காட்டிய சட்டம்.

என் கதிரையில் எமல்டா.
பத்து மணிக்குள் ஒன்பது தட்டைத் தள்ளினாள்.
நான் என்றால் ஆறு.
தேத்தண்ணிக்குப் போகிற வழியில்
என் மணிக்கட்டைத் தூக்கி
ஒரு மூச்சு, அரை மூச்சு.
ஒன்றும் சொல்லவில்லை.
இன்னுமொரு அரை மூச்சு எடுத்துக்கொண்டு போனாள்.

கையுறைக்குள் விரல் விறைத்துவிட்டது.
அடுத்த பூரணைக்கு இருபத்தெட்டு நாள்.
ஏழாயிரத்து இருநூறை இருபத்தெட்டால் பிரித்தேன்.
நாளுக்கு இருநூற்றைம்பத்தேழு.
ஐஸை உடைத்துக்கொண்டே திரும்பவும் பிரித்தேன்.
மிச்சம் நாலு ரூபா வந்தது.